கல்பூ திருடிய கை

அத்தியாயம் 5

சாண்டேயின் பைக் மட்கார்டில் சிவப்புப் பெயிண்டில் ஒரு வாசகம் இருந்தது. ‘அவசரமா? நேத்தே கிளம்பியிருக்கணும்!’ லிண்டி ஊரில் அதைப் படிக்காதவர்கள் கிடையாது. படித்த பிறகும் அவன் பின்னால் ஏறி உட்காருகிறவர்களைத்தான் தைரியசாலிகள் என்று சொல்ல வேண்டும். அந்த வரிசையில் முதல் ஆள் ஸோமோயி அக்கா.

ஸோமோயி அக்கா ஒரு காலத்தில் துறைமுகத்தில் சுங்க அதிகாரி. மூட்டையை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, “சர்க்கரைன்னு எழுதியிருக்கு. உள்ள வேற ஏதோ இருக்கு” என்பாள். பிரித்தால் வேறு ஏதோதான் இருக்கும். மேலதிகாரியின் மச்சான் மூட்டையையும் அப்படித் தூக்கிப் பார்த்ததில் வேலை போயிற்று. இப்போது தையல்கடை மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு பலகை. ‘தொலைந்ததைத் தேடித் தருகிறோம். தொலைந்த மானத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல.’ பலகையின் இரண்டாவது வரி சாண்டேயின் கைவண்ணம். சம்பளம் எப்போது கிடைக்கும் என்று தெரியாத உதவியாளனுக்கு அந்த உரிமையாவது வேண்டாமா?

அந்த வியாழக்கிழமை காலை, மாடி அறையில் டூனு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மறுநாள் அவளுக்குக் கல்யாணம். இரண்டு கையிலும் மருதாணி இன்னும் காயவில்லை. அதனால் கண்ணைத் துடைக்கவும் வழியில்லை. சாண்டே கைக்குட்டையை எடுத்து நீட்டினான். அவள் வாங்க முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. என்ன செய்வதென்று தெரியாமல் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

“அப்பா பிடிச்ச பிடியில நிக்கறாரு அக்கா” என்றாள் டூனு. “திருட்டுப் பயலுக்கு என் பொண்ணு இல்லைங்கறாரு. நாளைக்கு சாயங்காலத் தொழுகைக்குள்ள ஹெமேடி திருடலைன்னு தெரியணுமாம். இல்லேன்னா கல்யாணத்துக்கு வாங்கின ஆட்டைத் திருப்பிக் குடுத்துடுவாராம்.”

“திருப்பியா!” சாண்டே அலறினான். “அந்த ஆட்டை ஏத்திட்டு வந்தவன் நான்தான். வழி பூரா என் காதை மென்னுட்டு வந்துச்சு. உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு ஆடு, அரிசி, உங்கப்பா விளையாடற கழற்சிக்காய், உங்க சித்தி, எல்லாத்தையும் சுமந்தது என் பைக்தான். அதுல சித்திதான் கனம். மறுபடியும் முதல்லேர்ந்தா?”

“சித்தி கனம்தான்” என்று அழுகைக்கு நடுவில் ஒப்புக்கொண்டாள் டூனு.

விஷயம் இதுதான். தலைநகரிலிருந்து வந்திருக்கும் டாக்டர் எலிமினா, ஊசி போடுகிற டாக்டர் அல்ல. விரிகுடாவுக்கு அக்கரையில், கிடுண்டா கரை மண்சரிவில், கல்லாகிப்போன பழைய கடல் உயிர்களைப் பொறுக்கி ஆராய்கிறவர். அவருக்கு வண்டி ஓட்டி, மூட்டை தூக்கி, கூடவே குனிந்து பொறுக்குகிறவன் ஹெமேடி. திங்கட்கிழமை டாக்டர் தங்கியிருக்கும் விடுதியின் கொல்லையில் காயவைத்திருந்த ஒன்பது கற்கள் காணாமல் போயின. கொல்லைக் கதவுச் சாவி இருந்தது ஹெமேடியிடம். டூனுவின் அப்பா நஸோரோ, ஊரே கூடும் வாதுமை மரத்தடியில் நின்றுகொண்டு, அவனைத் திருடன் என்று சொல்லிவிட்டார்.

“நீ என்ன நினைக்கறே?” என்று கேட்டாள் அக்கா.

“ஹெமேடியா? பஸ்ல யாரோ விட்டுட்டுப் போன குடையைக் குடுக்கறதுக்காக ரெண்டு ஊர் நடந்தவன் அவன்” என்றாள் டூனு. “எனக்கு அவன்தான் வேணும். அப்பாவும் வேணும். ரெண்டு பேர்ல ஒருத்தரைப் பொறுக்கச் சொன்னா நான் எப்படிக்கா பொறுக்கறது?”

அக்கா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்துப் பிரித்தாள். உள்ளே கட்டைவிரல் நுனி அளவில் சாம்பல் நிறக் கல் ஒன்று இருந்தது.

“இது எங்கேர்ந்துக்கா?” என்றான் சாண்டே.

“சொல்றேன். கடைசியில.”

“கடைசின்னா?”

“நீ வாயை மூடின பிறகு.”

அது நடக்கிற காரியமா? சாண்டே பெருமூச்சுவிட்டு, காபியை ஒரே மடக்காகக் குடித்து, கோப்பையைக் கவனமாக மேசைமேல் கவிழ்த்து வைத்தான். அக்கா அந்தக் கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

* * *

டாக்டர் எலிமினாவுக்குக் கழுத்தில் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி தொங்கியது. அக்கா நீட்டிய கல்லை அதில் பார்த்ததும் அவர் முகம் விளக்குப் போட்டாற்போல் ஆனது.

“என்னுதுதான்! ஓரத்துல இந்தச் சிதறல் இருக்கு பாருங்க, என் சுத்தியல் பட்டது. எங்க கெடச்சுது?”

“கடைசியில சொல்வாங்களாம்” என்றான் சாண்டே. “வரிசையில நில்லுங்க. எனக்குப் பின்னாடி.”

டாக்டர் சிரித்துவிட்டு, கல்லை ஈர விரலால் துடைத்தார். சேறு விலகிய இடத்தில் ஐந்து இதழ் உள்ள பூ ஒன்று, ஊசியால் குத்திக் குத்தி வரைந்தது போலத் தெரிந்தது.

“கல்லுல பூ!” என்றான் சாண்டே.

“பூ இல்லை தம்பி. கடல்முள்ளெலி. முள்ளெல்லாம் உதிர்ந்து ஓடு மட்டும் கல்லாயிடுச்சு. அந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் ஒரு துவாரம், அது வழியாத்தான் மூச்சு. முழு வட்டமா இருந்தா பாறை மேல ஊர்ந்து திரிஞ்ச ஜாதி. இது பாரு, ஒரு பக்கம் உள்வாங்கி இதய வடிவத்துல இருக்கா? சேத்துக்குள்ள புதைஞ்சு கிடந்த ஜாதி.”

“எங்க மாமா மாதிரி. அவரும் எழுந்திரிக்கறதே இல்லை.”

டாக்டர் மூன்று சின்னப் பொருட்களை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். “இதுல எது உயிரா இருந்தது, எது வெறும் கல்? சொல்லு பார்ப்போம்.”

ஒன்று தேய்ந்த காசு போல வட்டமாக, தட்டையாக இருந்தது. ஒன்று கறுப்பாக, முக்கோணமாக. மூன்றாவது பளபளவென்று வெள்ளையாக மின்னியது. சாண்டே ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் ஆராய்ந்து, மின்னுவதைத் தூக்கிக் காட்டினான். “இதுதான் அபூர்வம். பார்த்தாலே தெரியுதே!”

“அது ரோடு போடற லாரியிலேர்ந்து நேத்து விழுந்த ஜல்லி” என்றார் டாக்டர். “அந்தக் காசு மாதிரி இருக்கறது ஒரே செல்லா வாழ்ந்த கடல் உயிர். ரெண்டாப் பிளந்தா உள்ள சுருள் சுருளா அறை இருக்கும். கறுப்பு முக்கோணம் சுறாவோட பல்.”

“பல்லுன்னு எனக்கும் தோணுச்சு. மரியாதைக்காகச் சொல்லலை.”

அக்கா கொல்லைப் பக்கம் சுற்றிவந்தாள். சுற்றுச்சுவர் மார்பளவுதான். அதன் அகலமான தலைமேல்தான் கற்களை முறத்தில் பரப்பிக் காயவைத்திருந்தார் டாக்டர். சேறு காய்ந்தால்தான் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்ய முடியும். திங்கட்கிழமை மத்தியானம் திடீரென்று மழை கொட்டியபோது அவர் அக்கரையில் இருந்தார். திரும்பி வந்து பார்த்தால் கற்கள் இல்லை.

“வேற ஏதாவது போச்சா?”

“இல்லை. கேமரா அந்த ஜன்னல்லயே இருந்தது. தொடலை. முறத்தைக் கூட எடுத்துட்டுப் போகலை. இங்க சுவத்து மேல ரெண்டு முறம் இருந்தது, ஒண்ணு என்னுது. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, கூரைக்குக் கீழே அழகாக் கவிழ்த்து வச்சிருந்தது.”

“மரியாதை தெரிஞ்ச திருடன்” என்றான் சாண்டே.

“கேமராவை விட்டுட்டுக் கல்லை எடுத்தவன்” என்றாள் அக்கா. “ஒண்ணு, அவனுக்கு நிறையத் தெரிஞ்சிருக்கணும். இல்லேன்னா ஒண்ணுமே தெரிஞ்சிருக்கக் கூடாது. ஊர்க்காரங்க நிறையத் தெரிஞ்சவனைத் தேடி ஹெமேடியைப் பிடிச்சிருக்காங்க.”

“நாம?”

“நாம ரெண்டாவது ஆளைத் தேடறோம். எனக்கு அவன்மேல ஒரு பாசம் உண்டு.”

டாக்டரின் முகம் வாடியது. “யார்கிட்ட சாவி இருந்துச்சுன்னு மட்டும்தாங்க கேட்டேன். அந்த மரத்தடியில, எல்லாரும் இருக்கற இடத்துல கேட்டது என் தப்பு. ஹெமேடி மேல எனக்குச் சந்தேகமே கிடையாது. அவனோட கண்ணு இல்லேன்னா அந்த ஒன்பதுல பாதி எனக்குக் கெடச்சிருக்காது. அதுல ஒண்ணோட இதழ் ரொம்ப நீளம். இந்தக் கரையில இதுவரைக்கும் யாரும் பார்க்காத ஜாதியாக்கூட இருக்கலாம். கையில இருந்தாத்தானே சொல்ல முடியும்?”

பேசிக்கொண்டே பூதக்கண்ணாடியில் மறுபடி பார்த்தவர், “இது என்னது?” என்றார். கல்லின் இதழ்த் துவாரம் ஒன்றில் முடி போல ஒரு நீல நைலான் இழை சிக்கியிருந்தது.

சாண்டே துள்ளினான். “வலை! மீன் வலை! அக்கா, துப்பு கிடைச்சாச்சு. ஏறுங்க வண்டியில!”

“நீயே சொல்லிட்டே. வேற வழி?” என்றாள் அக்கா.

* * *

மீன் ஏலத்துறையில் சாண்டே வலை வலையாகத் தேடினான். பச்சை வலை, வெள்ளை வலை, கறுப்பு வலை எல்லாம் இருந்தன. நீலம் இல்லை. கடைசியில் வலை பின்னுகிற பெரியவர் ஒருவரின் முன்னால் குந்தி, “ஷிகமூ பெரியவரே” என்று பணிவாக வணக்கம் சொல்லி, இழையை நீட்டினான்.

பெரியவர் அதை விரலில் உருட்டினார். சாண்டேயைப் பார்த்தார். அவன் பைக்கைப் பார்த்தார். மறுபடி சாண்டேயைப் பார்த்தார்.

“இதுல மீன் பிடிச்சா மீன் சிரிக்கும். இது பைக்ல பார்சல் கட்டற வலை. பின் சீட்டுல போட்டு இழுத்து மாட்டுவீங்களே.”

“அது ஊர்ல இருக்கற எல்லா பைக் டாக்ஸியிலயும் இருக்கே!”

“நான் இல்லைன்னு சொல்லலையே” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வேலையைத் தொடர்ந்தார். அக்கா அவருக்கு மட்டும் தெரியும்படி ஒரு புன்னகை புரிந்தாள்.

சாண்டேயின் மூளை முழு வேகத்தில் ஓடியது. ஓடும்போது அது வாய்வழியாகத்தான் சத்தம் போடும். “பைக் டாக்ஸிக்காரன்! அப்படின்னா ரஜபு. சந்தேகமே வேணாம். பஸ் ஸ்டாண்டுல என் இடத்துல வண்டி நிறுத்தறவன் எதையும் செய்வான். அன்னிக்கு மழையில அவன் அந்தப் பக்கம் போயிருப்பான். எனக்குத் தெரியும், ஏன்னா நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன்.”

“நீ அங்க இருந்தியா?”

“நான் வேலையா இருந்தேன் அக்கா. அவன் திருட இருந்திருப்பான். வித்தியாசம் இருக்கில்ல?”

“பெரிய வித்தியாசம்” என்று ஆமோதித்தாள் அக்கா. “ரஜபுவை அப்புறம் தூக்குல போடுவோம். முதல்ல மாப்பிள்ளையைப் பார்க்கலாம்.”

ஹெமேடி வீட்டில் கல்யாண அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். நீளமான வெள்ளை அங்கி. கல்யாணம் நடக்குமா என்று தெரியாத மாப்பிள்ளை அவ்வளவு பொறுமையாக மடிப்பு எடுப்பதைப் பார்த்து, கேலி செய்ய வாயைத் திறந்த சாண்டே மூடிக்கொண்டான்.

“நான் சாப்பாடு எடுக்க இக்கரைக்கு வந்தேன்” என்றான் ஹெமேடி. “எடுத்துட்டு மழைக்கு முன்னாடியே படகு ஏறிட்டேன். நனைஞ்சது நடுக்கடல்ல. பார்த்தவங்க யாரும் இல்லை. திருடலைன்னு எப்படிக்கா நிரூபிக்கறது? எடுத்ததைக் காட்டலாம். எடுக்காததை எங்கேர்ந்து காட்டறது?”

“நஸோரோ பெரியவர் கால்ல விழுந்து பாரேன்” என்றான் சாண்டே.

“விழமாட்டேன்.” இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தான். “டூனுவுக்காக என்ன வேணாலும் செய்வேன். ஆனா திருடன் விழற மாதிரி விழுந்து அவளைக் கட்டினா, ஆயுசுக்கும் அவர் வீட்டுல நான் சாப்பிடற ஒவ்வொரு கவளத்தையும் அவர் எண்ணுவார்.”

“சரியாச் சொன்னே” என்றாள் அக்கா. “அவர் உன்கிட்ட வேற என்ன குறை சொல்றார்?”

ஹெமேடி கசப்பாகச் சிரித்தான். “அதை ஏன் கேக்கறீங்க! பாவோ ஆடறதுக்குப் புதுசாக் கழற்சிக்காய் வேணும்னாரு. கடையில வாங்கினது கூடாதாம். மாப்பிள்ளை தன் கையால பறிக்கணுமாம். கிடுண்டா புதர்ல முள்ளுக்குள்ள கையை விட்டு ஒரே அளவாப் பார்த்துப் பார்த்துப் பறிச்சேன். இப்போ அந்தக் காய் ராசியில்லைன்னு ஊர் பூரா சொல்றாரு. திங்கள் சாயங்காலத்துலேர்ந்து ஒரு ஆட்டம் கூட ஜெயிக்கலையாம்.”

“நஸோரோவா? தோக்கறாரா?” அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து, டாக்டர் எலிமினாவை வாதுமை மரத்தடிக்கு வரச் சொன்னாள்.

* * *

பாவோ என்பது நம் பல்லாங்குழிக்குப் பெரியப்பா. நாலு வரிசைக் குழி, பலகை நிறையக் கழற்சிக்காய், சுற்றிலும் ஆளுக்கொரு யோசனை சொல்லும் கூட்டம். வாதுமை மரத்தடியில் நஸோரோவை ஜெயித்தவர்கள் இல்லை என்றுதான் இவ்வளவு நாளும் பேச்சு. குழியிலிருந்து அள்ளியதும், எண்ணிப் பார்க்காமல், உள்ளங்கை கனத்தை வைத்தே இத்தனை காய் என்று சொல்லிவிடுவார். அப்போதே கடைசிக் காய் எங்கே விழும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நஸோரோ ஒரு தபால்காரரிடம் தோற்றுக்கொண்டிருந்தார். தபால்காரருக்கே பயமாக இருந்தது.

“ஷிகமூ பெரியவரே” என்றார்கள் அக்காவும் சாண்டேவும்.

“மரஹபா” என்று வாழ்த்தைத் துப்பினார் நஸோரோ. “திருடனைப் பிடிச்சாச்சா? எங்கே பிடிக்கறது, என் வீட்டு மாப்பிள்ளையா வர இருந்தானே! இந்தக் காயைப் பாரு. அந்தப் பய பறிச்சது. ஏழுன்னு கை சொல்லுது, போட்டா ஆறுதான் இருக்கு. நாப்பது வருஷத்துல என் கை பொய் சொன்னதே இல்லை. திருட்டுக் கை பட்ட காய், என் கையையும் கெடுத்துடுச்சு. இந்த ஆட்டம் முடியட்டும், அத்தனையையும் கடல்ல கொட்டறேன்.”

“கொட்டுங்க” என்றாள் அக்கா. “அதுக்கு முன்னாடி ஒரு குழியை நான் அள்ளிப் பார்க்கலாமா?”

கூட்டத்தில் முணுமுணுப்பு. ஆட்டத்துக்கு நடுவில் பலகையில் இன்னொருவர் கை வைப்பதா? ஆனால் தபால்காரர் முந்திக்கொண்டு, “தாராளமா!” என்றார். அவருக்கு இந்த வெற்றியிலிருந்து தப்பித்தால் போதும்.

அக்கா ஒரு குழியை அள்ளி, பழைய சுங்க அதிகாரிப் பழக்கத்தில் கையை லேசாக மேலும் கீழும் அசைத்தாள். அப்படியே இன்னொரு குழி. கையிலிருந்து ஒன்றை மட்டும் பொறுக்கி, பலகையின் ஓரத்தில் தட்டினாள். ‘டக்’ என்றது. இன்னொன்றைத் தட்டினாள். ‘டொக்.’

“உங்க கை பொய் சொல்லலை பெரியவரே” என்றாள். “காய்தான் பொய் சொல்லுது. இது காயே இல்லை.”

மரத்தடியில் காபி விற்பவரிடம் தண்ணீர் வாங்கி அதன்மேல் ஊற்றி, தன் துப்பட்டா நுனியால் துடைத்து, நஸோரோவின் உள்ளங்கையில் வைத்தாள். சாம்பல் நிறக் கழற்சிக்காயாக இருந்தது, ஐந்து இதழ்ப் பூவாகப் பார்த்தது.

அதற்குள் டாக்டர் எலிமினா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துவிட்டார். பலகையைப் பார்த்தார். அப்படியே மண்ணில் மண்டியிட்டார். “ஐயோ, என் முள்ளெலிங்க! இங்க ஒண்ணு! இதோ இன்னொண்ணு! யாரும் அசையாதீங்க! தபால்காரரே, கையைத் திறங்க!”

தபால்காரர் கையைத் திறந்தார். அதில் இரண்டு இருந்தன.

ஒவ்வொன்றாக எட்டுக் கற்களைப் பொறுக்கினார் டாக்டர். கடைசியாக எடுத்ததைப் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நீள இதழ்” என்றார். “பழுதே இல்லை. பிரஷ் வச்சு நான் நாள்கணக்கா தேய்க்க வேண்டிய சேறு. உங்க எல்லாரோட கையும் உருட்டி உருட்டிச் சுத்தமாப் போச்சு. இவ்வளவு அழகா என்னால செஞ்சிருக்க முடியாது.”

சாண்டேவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “பெரியவரே, திருட்டுச் சாமானை வச்சு மூணு நாளா ஊர் நடுவுல விளையாடியிருக்கீங்க! அக்கா, சுங்கச் சட்டப்படி சரக்கு யார் கையில இருக்கோ அவரைத்தானே பிடிக்கணும்?”

“அவரைத்தான்” என்றாள் அக்கா.

நஸோரோவின் முகத்தில் ரத்தமே இல்லை. திருடன் என்ற வார்த்தையை அவர் இதே மரத்தடியில், இதே ஆட்கள் முன்னால்தான் சொன்னார். இப்போது அத்தனை பேரும் அவர் உள்ளங்கையைப் பார்த்தார்கள். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடைய கையோ போல.

“அப்போ அந்தப் பய...” என்று தொடங்கினார். “ஹெமேடி எனக்குக் குடுத்ததா இது?”

“ஹெமேடி காயைப் பறிச்சதோட சரி. காயவைக்க விடுதிச் சுவர்ல ஒரு முறத்துல போட்டான். பக்கத்து முறத்துல டாக்டரோட கல். ரெண்டும் ஒரே நிறம், ஒரே அளவு, மேல சேறு வேற. மழை வந்தது. சுவர் மார்பளவுதான். சாவியே வேண்டாம். வெளியில நின்னாலே கை எட்டும். நல்ல மனசுள்ள ஒருத்தன், காய் நனையுதேன்னு ரெண்டு முறத்தையும் ஒரே பையில கொட்டிக் கட்டிட்டான்.”

“யாருக்கா அந்த மடையன்?” என்றான் சாண்டே ஆவலாக. “ரஜபுதானே?”

“பொறு. இங்க எட்டுதான் இருக்கு. ஒன்பதாவது என்கிட்ட இருக்கறது. அது எங்க கெடச்சதுன்னு கேட்டியே, சொல்றேன். இன்னிக்குக் காலையில என் கைப்பையைப் பைக்ல கட்டறப்போ, பின் சீட்டு வலை மடிப்புல சிக்கியிருந்தது. நீல வலை.”

“யாரோட பைக்?”

“மட்கார்டுல ‘அவசரமா’ன்னு எழுதியிருக்கும்.”

கூட்டம் முழுவதும் மட்கார்டைத் திரும்பிப் பார்த்தது. சாண்டேயும் திரும்பிப் பார்த்தான், தன் வண்டியை முதல்முறையாகப் பார்ப்பவன் போல. காபிக்காரர் கொடுத்த கோப்பையைக் காலி செய்து பலகைப் பக்கத்தில் அவன் கவிழ்த்து வைத்திருந்தான். அக்கா அதை விரலால் சுட்டினாள்.

“கோப்பையைக் கவிழ்ப்பே, ஹெல்மெட்டைக் கவிழ்ப்பே. முறத்தை மட்டும் சும்மா விடுவியா?”

“அக்கா...” என்று இழுத்தான் சாண்டே. “ஹெமேடி போன் பண்ணி, சுவத்து மேல காய் இருக்கு, மாமனார்கிட்ட சேர்த்துடுன்னான். ஒரு முறமா ரெண்டு முறமான்னு சொல்லலை. மழை வேற. நான்... நான் அதுக்குக் காசுகூட வாங்கலை!”

“பை கனமா இல்லையா?”

“இருந்துச்சு. மழையில ஊறியிருக்கும்னு நினைச்சேன்.”

“கழற்சிக்காய் ஊறுமாடா?” என்றார் தபால்காரர், வாழ்நாளில் முதல்முறையாக ஒருவரை மடக்கிய சந்தோஷத்தில்.

மரத்தடியே சிரித்தது. சாண்டேவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த இஸ்திரி போட்ட அங்கி கண்ணுக்குள் நின்றது. தான் செய்த உபகாரத்தில் ஒரு கல்யாணமே கவிழ இருந்ததை நினைத்து அவனுக்கு அழுகை முட்டியது. “காலையிலயே சொல்லியிருக்கலாமே அக்கா. நாய் மாதிரி வலை வலையா மோந்துட்டு அலைய விட்டீங்களே.”

“சொல்லியிருந்தா நீ அந்த நிமிஷமே பெரியவர் வீட்டு வாசல்ல போய்க் கத்தியிருப்பே. அவர் தன் வீட்டுக்குள்ள ரகசியமா, சரி போகட்டும்னு சொல்லியிருப்பார். பழி சொன்னது இந்த மரத்தடியில. இங்க எல்லாரும் கண்ணால பார்க்கணும். தவிர, மத்த கல்லெல்லாம் எங்க இருக்குன்னு எனக்கு ஹெமேடி சொல்ற வரைக்கும் தெரியாது.”

நஸோரோ மெல்ல எழுந்தார். சிரிப்பு அடங்கியது. அவர் தலைத்தொப்பியைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்து, திருடன் என்று சொன்ன அதே உரத்த குரலில் பேசினார். “திங்கக்கிழமை இங்க நான் ஒரு வார்த்தை சொன்னேன். அது தப்பு. கேட்டவங்க எல்லாரும் கேட்டுக்குங்க.” பிறகு சாண்டேவைப் பார்த்தார். “வண்டியை எடு. போய் என் மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வா.”

சாண்டே பறந்தான்.

“நில்லு!” என்று கூப்பிட்டாள் அக்கா. “கல்லை எடுத்துட்டா பலகையில எட்டுக் காய் குறையுது. புதர் கிடுண்டாவுல இருக்கு. முள் கொஞ்சம் ஜாஸ்தி. மாப்பிள்ளைக்கு மருதாணிக் கை, அவன் தொடக் கூடாது.”

“மாப்பிள்ளைக்கு ஏதுக்கா மருதாணி?”

“இன்னிக்கு உண்டு.”

* * *

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நஸோரோ வீட்டு முற்றத்தில் ஆட்டுக்கறிப் பிலாவு மணத்தது. ஜன்னலுக்குப் பின்னால் பெண்கள் கூட்டத்தில் டூனு இருந்தாள். இந்தத் தடவை அழுததற்குச் சந்தோஷம் காரணம் என்று சித்தி எல்லோருக்கும் அறிவித்தாள். டாக்டர் எலிமினா ஒன்பது கற்களையும் பஞ்சில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் யாரிடமும் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார். சாண்டே ஒரு மூலையில், முழங்கை வரை கீறல்களோடு, பிலாவை ஸ்பூனால் தின்றான். அந்த வீட்டில் ஸ்பூன் கேட்ட முதல் விருந்தாளி அவன்தான்.

காஜி வந்தார். வழக்கப்படி பெண்ணின் தகப்பனாரும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து வலது கையைக் கோத்துக்கொள்ள வேண்டும். ஹெமேடி கையை நீட்டினான். நஸோரோ அதைப் பற்றினார்.

பற்றியவர் உடனே ஒப்பந்த வாசகத்தைச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். கோத்த கையை, குழியிலிருந்து அள்ளிய காயைப் போல, லேசாக மேலும் கீழும் ஒருதரம் அசைத்தார். முற்றம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. காஜி என்ன இது என்பது போலப் பார்த்தார்.

“கணக்கு சரியா இருக்கு” என்றார் நஸோரோ. “ஆரம்பிங்க.”